விலங்குக்கு முன்னால் வடை

"அடிமையளைப் பூட்டின விலங்குக்கு முன்னாலயோ வடை வைச்சனீங்கள், அக்கா?"

பிளேஸ்டோவில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் தோழியிடம் கேட்டாள். மூத்தவளான அந்தத் தோழி ஒரு மியூசியத்தில் துப்புரவு வேலை செய்கிறவள்.

"ஓம். நேற்று அமாவாசையெல்லே. கப்பலிலை செத்த அந்தச் சனத்துக்கு ஆர் படைச்சது?"

"பாயசமும் வைச்சனீங்களோ?"

"விசரி! கரும்புத் தோட்டத்துக்கெண்டு பிடிச்சுக் கொண்டுபோன சனத்துக்குச் சீனியே வைக்கிறது?"

"அதுகள் வடை தின்னுமோ?"

"கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாமெண்டே சொல்லும்?"

இளையவள் சிரித்தாள். பிறகு, "மனேஜர் கூப்பிட்டிருக்கிறான். வேலை போயிடும். இனிச் செய்யமாட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"மன்னிப்புக் கேக்கிறன். மற்றதைச் சொல்ல ஏலாது. சொல்லிப்போட்டு நாளைக்கு எந்த முகத்தோட அந்த விலங்குப் பெட்டியின்ர கண்ணாடியைத் துடைக்கிறது?"