தொலைந்ததாகப் பதிவான கார்டு

எனக்குச் சட்டை மடிக்கத் தெரியாது. நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலதிகாரி நீங்கள் காரணத்தை எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மடித்துத் தருவது அக்கா. அம்மா போனதிலிருந்து என்னை வளர்த்து ஆளாக்கியவள். ஆளாகிவிட்டேன் என்பது அவள் நினைப்பு. பேருந்துக் கார்டு அலுவலகத்தில், தொலைந்த கார்டுகளை முடக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, நான் ஏதோ மந்திரியாகிவிட்டதுபோல் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவந்தாள்.

சில மாதங்களாகச் செவ்வாய்தோறும் அவள் வெளியே போனாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவளுடைய கார்டின் பயணங்களை அலுவலகக் கணினியில் பார்க்க மட்டும் தைரியம் இருந்தது. எப்போதும் ஒரே நிறுத்தம். அங்கே கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் கடை வைத்திருக்கிறார்.

அன்று காலை அவள் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருப்பேன். ரெண்டு தடவை தம்பிக்காகத் தள்ளிப்போட்டாச்சு. இந்தத் தடவையும் நான் வரலேன்னா என்னை மறந்துடுங்க."

ஒன்பது மணிக்கு அவள் கார்டைத் தொலைந்ததாகப் பதிந்து முடக்கினேன். பேருந்தில் பணம் வாங்குவதில்லை. அந்த அறிவிப்பை எழுதியவனே நான்தான், இரண்டு எழுத்துப்பிழைகளோடு. மூன்று பேருந்துகளில் அவள் கார்டைத் தேய்த்துப் பார்த்ததும் மூன்றும் மறுத்ததும் என் திரையில் வந்தன. நடுவில் எழுந்துபோய் டீ குடித்தேன்.

எங்கள் பக்கம் வேறு வண்டி கிடைக்காது. அக்கா நடந்தே போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது கடிகாரக் கடைக்காரர் கிளம்பிப் போயிருந்தார். அதன்பின் அவர் போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்தாள். புதுச் செருப்பு கடித்து இரண்டு காலிலும் கொப்புளம். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு நானே வெந்நீர் வைத்தேன். கையைச் சுட்டுக்கொண்டேன். அதற்கும் அவள்தான் மருந்து போட்டாள்.

"கார்டு மக்கர் பண்ணுதுடா. என்னன்னு பாரேன்," என்றாள்.

"பாக்கறேன்க்கா."

மறுநாளே சரிசெய்து கொடுத்தேன். இன்றுவரை அவள் அதைப் பயன்படுத்தவில்லை. தினமும் பார்க்கிறேன்.

குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். என்ன தண்டனை தந்தாலும் சரி, வீட்டுக்கு மட்டும் கடிதம் அனுப்ப வேண்டாம். அக்கா தாங்கமாட்டாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?