கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நல்ல நாற்காலி ஐயா, இது. எங்கள் ஆட்ட மேஜையில் எனக்கும் இப்படிக் கைப்பிடி வைத்ததுதான். மற்றவர்களுக்கு ஸ்டூல்.

ஆட்டம் என்றால் ஓடியாடுவதல்ல. ஞாயிறுதோறும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன் என்று வேஷம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்ப்போம். கதையை நடத்தும் நடுவர் நான். மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே டிராகனுக்குக் குரல் கொடுக்கிற ஆள். சிரியுங்கள், பரவாயில்லை. வீட்டில் டி.வி. ரிமோட்கூட என் பேச்சைக் கேட்காது. அந்த மேஜையில் மட்டும் நான் சொன்னால் சூரியன் உதிக்கும்.

அங்கேதான் என் தங்கையின் கணவர் வந்து சேர்ந்தார். வக்கீல். மந்திரவாதி வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நொடியில் தாவுவது அந்த மந்திரவாதியின் வித்தை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்து நான் கட்டிய பாதாளச் சிறையில் அவரை அடைத்தேன். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அழகுக்காக நானே வைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கண்ணாடி வழியா வெளிய தெரியுதில்ல மச்சான்? தாவிட்டேன்.”

“நடுவுல கண்ணாடி இருக்கே மாப்பிள்ளை. வழி அடைச்சிருக்கு.”

“விதியில ‘தெரியணும்’னுதான் இருக்கு. வழி வேணும்னு எங்க இருக்கு? காட்டுங்க.”

காட்ட முடியவில்லை. எல்லோரும் அவர் பக்கம் கை தூக்கினார்கள். சிறை காலி. “அடுத்த வாரத்துலேர்ந்து நானே நடத்துறேன் மச்சான், நீங்க ஜாலியா ஆடுங்க” என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். எனக்கு ஒதுக்கிய வேஷம், குதிரைக்குப் புல் போடுகிறவன். வசனம்கூடக் கிடையாது.

கோபமெல்லாம் இல்லை. விதியை நேரில் பரிசோதிக்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான். நான் மீன் குளிர்கிடங்கில் மேற்பார்வையாளர். உறைய வைக்கும் அறையின் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்திருப்பதும் எனக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாளில், “உங்க முதல் கதைக்கு ஒரு பனிக்குகை காட்டுறேன், வாங்க” என்றேன். ஆசையாக உள்ளே போனார். சாத்தினேன்.

“நான் தெரியிறேனா மாப்பிள்ளை? அப்ப தாவுங்க.”

முதலில் சிரித்தார். பிறகு தட்டினார். பிறகு கதவோடு வாய் வைத்து, “நீங்க சொன்னதுதான் சரி மச்சான், தாவ முடியாது, திறங்க” என்றார். மங்கலாகத்தான் கேட்டது, ஆனால் கேட்டது. ஜெயித்துவிட்டேன். இருந்தாலும் எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு: வாயால் சொன்ன நகர்வைத் திரும்பப் பெற முடியாது. அவர் ‘தாவிட்டேன்’ என்று சொன்னவர். சொந்தக்காரர் என்று நடுவரே சலுகை காட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

சட்டைப்பையில் தங்கையின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டத்தின் நடுவே நான் போன் எடுப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு கண்ணாடியின் உள்பக்கம் படிந்து வெள்ளையாக உறைந்துவிட்டது. தெரியாத இடத்துக்குத் தாவ முடியாது; அது விதியிலேயே இருக்கிறது. தட்டும் சத்தமும் நின்றது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் சேர்க்க வேண்டும். நான் பாரபட்சம் பார்க்கவில்லை ஐயா. கடைசிவரை என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தேன்.