கூட்டத்தில் நிற்கிறவன்

சாப்பிட்ட கையோடு பார்க்கிற படம் வேறு, பசியோடு பார்க்கிற படம் வேறு, ஐயா. அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் "சாப்பிட்டாச்சோ?" என்றுதான் கேட்பேன். நீங்கள் போட் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

திருகோணமலை மீன் சந்தைக்குப் பக்கத்தில் என் கடை. பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பேன். அப்பா துறைமுகத்தடியில் பழைய கப்பல் சாமான் விற்றவர். வருகிறவன் முகத்தைப் பார்த்துச் சாமானுக்குக் கதை சொல்லுவார். என் ரசனையும் அந்தக் கடையில் வளர்ந்ததுதான். கறுப்பு வெள்ளைப் புராணப் படம் கேட்டாலும், எண்பதுகளின் பழிவாங்கும் படம் கேட்டாலும், கொரியன் பேய்ப்படம் கேட்டாலும், "இதுதான் எனக்கு ஆகப் பிடிச்சது" என்பேன். எனக்கு ஆகப் பிடித்த படங்கள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. பாதியை நான் பார்த்ததில்லை.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம், அவுஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பும் யாவாரமும் கொஞ்சம் செய்தேன். பக்கத்துச் சல்லி ஊர்க் கரையிலிருந்து கள்ளமாய் ஒரு போட். அதில் போனவர்களில் ஒருவன் ரிஷிகேசன். அவன் தாய் இரத்தினேஸ்வரி அக்கா கருவாடு போட்டு விற்கிறவர். தங்கை துஷாந்தி முன்பள்ளியில் படிப்பிக்கிறாள்.

ஒரு மாதமாகியும் செய்தி இல்லை. அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார். அழுதிருந்தால் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவர் பேசாமல் நின்றார். வாடிக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

"அக்கா, போட் இந்தியப் பக்கம் ஒதுங்கிட்டுதாம். பொடியள் ஒளிச்சு இருக்கினம். உங்கட மகன் சினிமாவில கூட்டத்தோட நிக்கிறானாம், நாட்கூலிக்கு," என்றேன். புதுப்படம் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். "தம்பி, கண்டனான். தேர் இழுக்கிற இடத்தில, வலப்பக்கம். நல்லா மெலிஞ்சு போனான்."

அந்தப் படத்தில் தேர் இழுக்கிற காட்சி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் படம் சிபாரிசு செய்யும் முறையே மாறிவிட்டது. கதை, நடிப்பு, பாட்டு எல்லாம் பிறகு. முதலில் கூட்டம் வேண்டும். போர்ப்படம் நல்லது. அரசியல் படம் அதைவிட நல்லது. குடும்பப் படம் என்றால் கல்யாண வீடோ செத்தவீடோ கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஓர் அறைக்குள் இருந்து பெருமூச்சு விடுகிற உயர்ந்த கலைப்படம் எதையும் அக்காவுக்கு நான் கொடுத்ததில்லை. எந்த விமர்சகனாவது இவ்வளவு பொறுப்போடு படம் தெரிவு செய்திருப்பானோ தெரியாது.

ஒருநாள் கை தவறிப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஏற்றிவிட்டேன். அக்காவே சின்னப் பிள்ளையாக இருந்த காலத்துப் படம். பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். அக்கா வந்து சொன்னார்: "ராசாவின்ர படையில நிக்கிறான், தம்பி. வேல் பிடிச்சுக்கொண்டு. நிறம்தான் தெரியேல்லை."

அவர் முன்னால் நான் சிரிக்கவில்லை. போனபிறகு கொஞ்சம் சிரித்தேன். இனி எந்தக் காலத்துப் படத்தையும் கொடுக்கலாம் என்ற நிம்மதிதான்.

போன ஆனியில் துஷாந்திக்குக் கல்யாணம் பேசினார்கள். கிளிவெட்டியில் வயல் செய்கிற குடும்பம். மாப்பிள்ளைப் பொடியனுக்கும் அவளுக்கும் முன்னமே விருப்பம். எங்கள் முறையில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். சகோதரன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட சகோதரன் நிற்பான். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளையின்ர இடத்தில வேற ஆளை நிப்பாட்டுறதோ? படம் முடிய வருவான்." கல்யாண நாள் தள்ளிப் போனது. பிறகும் தள்ளிப் போனது.

துஷாந்தி கடைக்கு வந்தாள்.

"ராகுலன் அண்ணை, அண்ணா இல்லையெண்டு எனக்குத் தெரியும். அம்மாட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. நான் சொன்னா அடிக்க வாறா. நீங்கள் சொன்னா நம்புவா."

"என்னெண்டு சொல்லுறது, தங்கச்சி? அவ தன்ர கண்ணால காணுறா."

"கண்ணைக் குடுத்தது நீங்கள்தானே. கிளிவெட்டி ஆக்கள் இந்த மாதத்தோட கல்யாணக் கதையைக் கைவிடப் போகினம். எனக்கு இனி ஏலாது, அண்ணை."

"ஓம், நான் கதைக்கிறன்."

கதைக்கத்தான் போனேன். அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, ரிஷியைப் பற்றி…"

"அவனுக்கு என்ன?"

அவன் இல்லை என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் போட் இயந்திரத்தின் கதையும் வெளியே வரும். யாவாரத்தில் ஒரு கேள்வி தாண்டி அடுத்த கேள்வியையும் பார்க்க வேண்டும்.

"புதுப்படம் ஒண்டு கிடைச்சிருக்காம்," என்றேன். "பெரிய படம். ஆறு மாசம் அங்கால இங்கால அசைய ஏலாதாம்."

அக்காவின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிளிவெட்டியார் வேறிடத்தில் பெண் எடுத்தார்கள். துஷாந்தி பொலிஸ் நிலையம் வந்து உங்களிடம் முறைப்பாடு கொடுத்தாள். அவளில் எனக்குக் கோபமில்லை.

சரி, இயந்திரம். பாறையில் மோதிய வள்ளம் ஒன்றிலிருந்து கழற்றியது. ஆழ்கடல் தாங்காது என்று அதைப் போட்டில் பூட்ட வந்த மெக்கானிக்கே சொன்னான். பரவாயில்லை, பூட்டு என்றேன். போட் கவிழ்ந்துபோனதும் எனக்கு அந்தக் கிழமையே தெரியும். தூரக்கடலுக்குத் தொழிலுக்குப் போன ஒருவன் கவிழ்ந்த போட்டையும் செத்து மிதந்தவர்களையும் கண்டு வந்து சொன்னான்; ரிஷிகேசனின் முகத்தை அவனுக்குத் தெரியும். அவனை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். அத்தனை பேரையும் கொன்றவன் நான்தான். அப்படியே எழுதுங்கள், ஐயா, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் துஷாந்தியிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லித் தரகரிடம் கதைத்திருக்கிறேன். மாப்பிள்ளைத் தோழனுக்கு ஆள் இல்லையே என்று அவள் யோசிக்கத் தேவையில்லை. நான் வந்து நிற்பேன். மோதிரம்கூட எனக்கு வேண்டாம்.