மொத கையெழுத்து

இல்ல சார், உக்காருங்க, பார்க்கு பொதுதான். ஆறு மணி வரைக்கும் யாரு வேணா மலையேறி வந்து காத்து வாங்கலாம். வாச்மேன்னு நாலு வார்த்தை கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெரும்புதூர்லேர்ந்து பஸ்சுல வந்தேன்றீங்க. அப்ப பூட்ஸ்ல எப்பிடி கயினி சேறு, நெல்லு வயல் சேறு? படிக்கட்டு வரைக்கும் தார் ரோடாச்சே.

குறுக்கால நடந்து வந்தீங்களா. இருக்கட்டும்.

சரித்திரம் எழுதறீங்களா? எழுதிக்குங்க. அதோ, ஏரிக்கு அந்தாண்ட மங்கலா தெரியுதே, அது மணிமங்கலம். ராஜாங்க காலத்துல அங்க பெரிய சண்டை. நாம உக்காந்துகினு கீற இந்தப் பாறை மேலதான் ஆளை வெச்சி, எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு பாத்தாங்களாம். எங்க ஊர்ல சொல்றது. இப்ப நான் பாக்கறேன்.

சிரிக்கிறீங்க, ஆனா நோட்டை மூடிட்டீங்க. அதுல கட்டம் கட்டமா கோடு போட்டு நம்பரு இருந்திச்சே. கம்பெனிக்கு நெலம் எடுக்கற ஆபீசுதானே நீங்க? பயப்படாதீங்க, நான் கூவ மாட்டேன்.

ஊர் ஜனம் பாத்தாதான் வம்பு. போன மாசம் அந்த வேப்ப மரத்தடியில, வூட்டுக்கு ஒரு ஆம்பள வந்து, சூடம் கொளுத்தி உள்ளங்கையால அணைச்சோம். ஒருத்தனும் நெலத்தை எழுதிக் குடுக்கறதில்லன்னு சத்தியம். இதோ, எனக்கு இன்னும் தோல் கறுத்து கீது பாருங்க.

அப்பிடியும் எவனோ கையெழுத்து போட்டுட்டான்னு பேச்சு. நாகப்பன் கோதண்டத்தை சந்தேகப்படறான், கோதண்டம் நாகப்பனை. அண்ணன் தம்பிங்க சார், டீக்கடையில தனித்தனி பெஞ்சுல உக்கார்றானுங்க. எனக்கு மனசே ஆறல.

கெளம்பிட்டீங்களா? ஒரு நிமிசம். அந்தக் கெணத்துக்கிட்ட, செவப்பு சீலை, குனிஞ்சி களை புடுங்கிக்கினு கீறாளே, அது எம் பொஞ்சாதி பாஞ்சாலி. அந்த வரப்பு மேல எறங்காதீங்க, சுத்திக்கினு போங்க. ஆபீஸ் ஆளுன்னு தெரிஞ்சா நிறுத்தி வெச்சி, எவன் கையெழுத்து போட்டான்னு கேப்பா. அவ அப்பா எம் பேருக்கு எழுதி வெச்ச கயினி அது. எம் பொண்ணு புருசனுக்கு கம்பெனியில வேலைன்னு உங்க ஆபீசுல சொன்னாங்க.

உங்க பேப்பர்ல மொத பேரு நடேசன்னு இருக்கும் சார். நான்தான் அது. சூடம் அணைச்சதுக்கு மொத நாளே போட்டுட்டேன்.