இன்னொருக்கா சொல்லுங்க

ஏனுங்க, அந்த ஃபோன் வெளிச்சத்தை அணைச்சுப்போடுங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. நடுவுல யாரும் எந்திரிச்சுப் போகப்படாது... போனா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது.

ராத்திரி எட்டரை. மாசி மாதம். வெள்ளகோவிலைத் தாண்டி, கரூர் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். பெயர் வேண்டாம். டவுன் பஸ் ஒரே ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போனது. அதன் சிவப்பு விளக்கு மறைந்ததும்... இருட்டு.

அந்தப் பெண் பெயர் இனியா. மண்டியில் என்னோடு முருங்கைக்காய் கட்டுகிற பொற்கொடியின் ஒரே மகள். பிளஸ் டூ. அப்பா ரூபனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நர்சிங் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அந்தப் பெண்ணின் ஆசை. ஆனால் அரையாண்டில் கெமிஸ்ட்ரி போய்விட்டது. பொதுத்தேர்விலும் போனால் நர்சிங் கிடையாது. அத்தை பேசி வைத்திருக்கிற நூல் மில்தான், மில் ஹாஸ்டல்தான். அதனால் டியூஷன். டியூஷன் முடிந்து இந்தப் பஸ்.

நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இட்டேரியில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. நடுவில் வண்டித்தடம். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளாமை இல்லாமல் கிடக்கிற காடு. ஒரு லைட் கிடையாது. பயம் தெரியாமல் இருக்க, இனியா படித்ததைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே நடப்பாள்.

அன்றைக்கு நுரை மிதப்பு முறை. தாதுவை அரைத்துத் தண்ணீரில் போட்டு, பைன் எண்ணெய் விட்டு, காற்றை ஊதினால் தாது நுரையோடு மேலே வரும், மண் கீழே தங்கிவிடும். சொல்லி முடித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க்கா... இன்னொருக்கா சொல்லுங்க."

பெண்பிள்ளைக் குரல். மெலிசாக. மரியாதையாக. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, அதுவும் பரீட்சைக்குப் படிக்கிறது போல என்று இனியா நினைத்துக்கொண்டாள். நின்று, இன்னொரு முறை சொன்னாள். வேலிக்குப் பின்னால் பக்கம் புரட்டுகிற சத்தம். காகிதம் என்றால் சரசரக்க வேண்டும் இல்லையா... இது அப்படி இல்லை. ஈரத்தில் ஒட்டிப்போன பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பிரிக்கிற சத்தம். சப்... சப்... கூடவே தண்ணீரில் ஊறிப்போன புத்தக வாசம்.

"சந்தோசமுங்க்கா."

அவ்வளவுதான். இனியா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் டியூஷனில் டெஸ்ட். முதல் கேள்வியே நுரை மிதப்பு. பேனாவை எடுத்தாள்... ஒன்றும் இல்லை. மறந்துபோனால் நாக்கு நுனியிலாவது நிற்கும். இது படிக்கவே படிக்காத மாதிரி. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தாள். படிக்கும்போது புரிகிறது. மூடினால் போய்விடுகிறது. பத்துத் தடவை படித்தாலும் அப்படியே.

அதற்கப்புறம் தினமும் அந்தக் குரல். தினமும் ஒரு பாடம் கேட்கும். இவள் எதைச் சொல்கிறாளோ, அது மறுநாள் தலையில் இருக்காது. ஒரு நாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்து பார்த்தாள். அது கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. அந்தச் சத்தம் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. சப்... அப்புறம் முதுகுக்குப் பின்னால். சப்... அப்புறம் காதுக்குப் பக்கத்தில். இனியா அழுதுகொண்டே ஒரு பாடம் முழுக்கச் சொல்லிவிட்டு ஓடினாள்.

பொற்கொடி முதலில் நம்பவில்லை. படிக்காம இருக்க இப்படியும் ஒரு சாக்கா கண்ணு என்று சிரித்தாளாம். ஆனால் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்டாள். அங்கே ஒரு கிழவரும் நாலு வெள்ளாடும்தான். படிக்கிற பிள்ளை யாரும் இல்லை. அன்றிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே பஸ்ஸுக்குப் போனாள். அம்மா கூட வந்தால் குரல் வரவில்லை. விட்டது சனி என்று இருந்தார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள். கடைசி வகுப்பு முடிந்து, அம்மாவும் மகளும் இட்டேரியில் பாதி தூரம் வந்திருப்பார்கள். அந்த ஊறின வாசம். பொற்கொடிக்கும் அடித்தது.

"ஏனுங்க்கா... நாளைக்குப் பரிச்சைங்க. எல்லாத்தையும் ஒருக்கா சொல்லிப்போடுங்க."

பொற்கொடி சட்டென்று டார்ச்சை வேலிப்பக்கம் அடித்தாள். இலை. முள். ஆள் இல்லை. வேலியோரத்துப் புழுதி மட்டும், ஒருத்தர் நிற்கிற அளவுக்கு, நனைந்து கறுத்திருந்தது. மகளை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். அதற்குள் இரண்டு பேரையும் சுற்றி அந்தச் சத்தம். சப்... சப்... சப்...

இனியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பாடம் விடவில்லை. பொற்கொடிக்குக் கெமிஸ்ட்ரி என்ன தெரியும்... பெண் எல்லாவற்றையும் தாரை வார்க்கிறாளே என்றுதான் நினைத்தாளாம். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்ட பிறகுதான் இனியா உண்மையைச் சொன்னாள். எல்லாமே மாற்றிச் சொன்னாள் அவள். அமிலம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் என்றாள். ஆக்சிஜனேற்றம் என்றால் எலக்ட்ரானை வாங்குவது என்றாள். தலைகீழாக, ஒன்று விடாமல். அது அப்படியே நம்பி, ஈரத் தாளில் பென்சில் தேய்கிற சத்தத்தோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. போகும்போது, நல்லா எழுதுங்க்கா என்று வாழ்த்திவிட்டுப் போனது.

பரீட்சை எழுதினாள். முன்னாலேயே பறிகொடுத்த பாடங்களை விட்டுவிட்டு, மிச்சத்தை வைத்து எழுதினாள். சித்திரை முடியும்போது ரிசல்ட் வந்தது. கெமிஸ்ட்ரி பாஸ். பொற்கொடி மண்டியில் எங்கள் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

அன்றைக்கு நல்ல மத்தியானம். உச்சி வெயில். இனியா கடைக்குப் போய்விட்டு இட்டேரியில் வந்தாள். பகல்தானே என்று தனியாக.

"ஏனுங்க்கா. எனக்குப் போயிருச்சுங்க."

இனியா அப்படியே நின்றாள்.

"நீங்க தெரியாமத்தான் சொல்லியிருப்பீங்க. பரவால்லீங்க. மறுக்கா எழுதோணும்னு சொல்லிப்போட்டாங்க. இந்தவாட்டி உங்க கூடவே இருந்து படிச்சுக்கறேனுங்க."

சொல்லிப்போட்டாங்க என்றால்... யார் சொன்னது? அதை இனியா கேட்கவில்லை. கேட்கிற நிலைமையா அது?

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஆடி போனது, ஆவணி போனது. கோயமுத்தூரில் நர்சிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டல். தினமும் அம்மாவிடம் பேசுவாள். சரி, விட்டுப் போயிற்று என்று பொற்கொடி கோயிலுக்கு மாவிளக்கு எடுத்தாள்.

ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் இனியாவின் பேச்சு குறைந்தது. ஒரு நாள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற நவ்யா ஃபோன் பண்ணினாள். இனியா கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிறாளாம், பக்கத்தில் இடம் விட்டு. அந்த இடத்தைப் பார்த்து ரகசியக் குரலில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

பொற்கொடி பதறிப்போய் மகளிடம் கேட்டாள். "இன்னமும் கெமிஸ்ட்ரி கேக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா. அது முடிஞ்சுதுங்க. இப்ப வேற கேக்குதுங்க."

"என்ன கேக்குது?"

இனியா குரலை இறக்கினாள்.

"நம்ம ஊட்டைப் பத்திங்க. அப்பா எப்பிடி இருப்பாரு... நீங்க என்னை என்னன்னு கூப்புடுவீங்க..."

"சொல்லிப்போட்டியா?"

ஃபோன் கட் ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம். வீட்டில் பொற்கொடி மட்டும்தான். மறுபடி ஃபோன் போட்டாள். பிறந்ததிலிருந்து மகளைக் குருவி என்றுதான் கூப்பிடுவாள். அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"குருவி... என்ர சாமி... சாப்புட்டியா?"

ஃபோனில் மூச்சு மட்டும். அப்புறம் இனியாவின் குரல்தான், ஆனால் அன்னியரிடம் பேசுகிற மாதிரி, ரொம்ப மரியாதையாக.

"நீங்க யாருங்க? யாரைங்க கூப்புடறீங்க?"

பொற்கொடி வாய் திறப்பதற்குள்... பின்னால், சமையல்கட்டு இருட்டிலிருந்து, அந்த ஊறின வாசத்தோடு, மெலிசாக...

"இங்க இருக்கறேனுங்கம்மா."