மிக்சி மூடியும் முழு மார்க்கும்

மாலை நேர வேளச்சேரி பஸ் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்தது. முன் சீட்டில் இருந்த பெண்மணி பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னார்: "இன்னிக்கு கிளாஸ்ல ஒரு பொண்ணு என் மானத்த வாங்கிட்டா. அவளுக்குத்தான் முழு மார்க் போட்டேன்."

"என்னக்கா ஆச்சு?"

"மோசமான டிசைனுக்கு உதாரணமா வீட்டுலேர்ந்து ஒரு பொருள் கொண்டாங்கன்னு சொல்லியிருந்தேன். அவ மிக்சி ஜார் கொண்டாந்தா. யார் முயற்சி பண்ணியும் மூடி திறக்கல. 'இத டிசைன் பண்ணவங்க ஒரு நாள் கூட சட்னி அரைச்சிருக்க மாட்டாங்க'ன்னா. கிளாஸே சிரிக்குது."

"அதுல உங்களுக்கென்ன?"

"டிசைன் பண்ணது நான்தாண்டி! பாடம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி, ஒரு மிக்சி கம்பெனியில நான் செஞ்ச முதல் வேலை. அவ சொன்னதும் நெசம். அப்ப எனக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாது."

தோழி வாயைப் பொத்திக்கொண்டார். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். சாரி கேப்பான்னு பாத்தா, ஜாரைத் தூக்கி என் கையில குடுத்து, 'அப்ப நீங்களே திறந்து காட்டுங்க மேடம்'ங்கறா."

"திறந்தீங்களா?"

"நல்லவேளை, பெல் அடிச்சிடுச்சு."