மகுடம் மாட்டிய வாசல்

மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், நம் பெய்ருசாக் நகர மேயர் அவர்களே! சப்பரத்துக்கு முன்னால் நடந்து வந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை லெயோன்ஸ் அவர்களே! மாதாவைச் சுமந்து சுமந்தே தோள் காய்த்துப்போன சப்பரக்காரர்களே! வாத்தை அடுப்பில் விட்டுவிட்டு, அடி பிடிக்குமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இக்கரைப் பெரியோர்களே, அக்கரை உறவுகளே! அக்கரையில் பிறந்து இக்கரையில் வாழ்க்கைப்பட்ட மிரெய்யாவின் திருநாள் வணக்கம்!

பாலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் பாலத்தைப் பற்றி என்ன பேசுவாள்? தினமும் செபமாலை உருட்டிக்கொண்டே கடக்கிறேனே, அந்த உரிமையில் பேசுகிறேன்.

கண்ணை உயர்த்திப் பாருங்கள்! கல்லா அது? கவிதை! வெள்ளம் வரும் பக்கம் தூணுக்குத் தூண் கூர்மூக்கு. மிதந்து வரும் மரத்தை மூக்கு ஒதுக்கும், மோதி வரும் நீரை மூக்கு பிளக்கும். மறுபக்கத்தில் மூக்கே இல்லை, தட்டை! ஏன்? ஆறு எந்தப் பக்கமிருந்து கோபித்துக்கொண்டு வரும் என்பது கட்டியவனுக்குத் தெரியும். மனிதன் எந்தப் பக்கமிருந்து கோபித்துக்கொண்டு வருவான் என்பது தெரியுமா? தெரியாது! அதனால்தான் பாலத்தின் மேல் மூன்று கோபுரங்கள். அம்பு எய்யச் சந்து, ஆளைத் தடுக்கத் தொங்குகதவு.

நடுக்கோபுரத்து வாசலைச் சொல்லாமல் விடலாமா? இக்கரைப் பக்கம் வளைவு உயரம். அக்கரைப் பக்கம் போகப் போகக் கூரை தாழும். அக்கரையிலிருந்து குதிரையில் பாய்ந்து வரும் எதிரி, தலை குனிய வேண்டும். குனிந்தவன் தலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு துளை, பானை நுழையும் அகலம். அது வழியாகக் கல்லைப் போடலாம், காய்ச்சிய மணலைக் கொட்டலாம். என்ன ஏற்பாடு! என்ன வரவேற்பு!

எதிரி வந்தானா? வரவேயில்லை! ஆனால் வாசல் மட்டும் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. மாதா சப்பரம் அந்தக் கோபுரம் வரை வரும், அங்கிருந்தே ஆசீர் கொடுக்கும், வட்டமடித்துத் திரும்பி ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகக் கோயிலுக்குப் போகும். அக்கரை? எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்! இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். திராட்சைக்கொடி அத்தனையும் அக்கரையில்தானே, பச்சையாக இருக்காதா? அந்தப் பச்சைக்கு ஆசீர் மட்டும் தூரத்திலிருந்து!

என் வீட்டுக்காரர் சில்வெஸ்த்ர் படுக்கையிலிருந்து எழுந்தால், மாதாவை என் பிறந்த கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எழுந்துவிட்டார். அதோ, முன்வரிசையில் உட்கார்ந்து, "சீக்கிரம் முடி" என்று கை காட்டுகிறாரே, அவர்தான்! நேர்த்தியைச் செலுத்த வேண்டாமா? நகரசபையின் வாசல்படி தேய நடந்தேன். கடைசியில் போன வருடம் சொன்னார்கள்: "ஒரே ஒரு தடவை பாப்போம்மா. மாதா கடக்கலேன்னா, இந்தப் பேச்சை இனிமே எவரும் எடுக்கக் கூடாது." அக்கரையின் மானம் முழுவதும் அந்த ஒரு பயணத்தில் தொங்கியது.

இக்கரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெருமைக்காக மாதாவுக்குப் புதிய மகுடம் செய்தார்கள். உயரமான மகுடம், உச்சியில் சிலுவை. சப்பரத் தலைவர், இறைச்சிக்கடை கஸ்தோன் அண்ணன், வாசலை அளக்கக் கோலோடு வந்தார். இக்கரை வளைவை அளந்தார், திரும்பினார்.

"அண்ணே, அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை அளந்துடுங்க" என்றேன்.

"போம்மா! அக்கரை வளைவை நாம எதுக்கு அளக்கணும்? நம்ம வாசல் எவ்வளவோ, அதான் வாசல்!"

சிரிக்காதீர்கள், அண்ணன் மேடையோரம்தான் நிற்கிறார்!

திருநாள் வந்தது. சப்பரம் வந்தது. நடுவாசலுக்குள் கம்பீரமாக நுழைந்தது. கூரை தாழ்ந்தது. வாசலுக்குள் இருக்கும் கல்படியில் சப்பரக்காரர்கள் காலைத் தூக்கி வைத்தார்கள், சப்பரம் ஒரு எம்பு எம்பியது. மகுடம் நேராகத் துளைக்குள் போனது! சிலுவைக் கை உள்விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது!

"எறக்கு!"

"எறங்க மாட்டேங்குது!"

"அப்பப் பின்னால தள்ளு!"

"வாயை மூடுடா! மாதா பின்னால போனா இந்த வருஷத் திராட்சையும் கூடவே போயிடும்!"

நம் ஊர் வழக்கம் தெரியாதா? முன்வைத்த சப்பரம் பின்வாங்கக் கூடாது. முன்னால் வழியில்லை, பின்னால் முறையில்லை. அக்கரை முழுவதும் வாசலில் நின்று சிரிக்கிறது: "என்ன கஸ்தோன், எங்களுக்குக் குடுக்க மனசில்லாம மாதாவை மாட்டிவெச்சுட்டியா?" எல்லோரும் சிரிக்க, நான் அழுகிறேன். என் நேர்த்தி கூரையில் தொங்குகிறதே!

அப்போது அக்கரையில் திராட்சைக்கொடிக்குக் கம்பி கட்டும் என் அக்கா ஒதில் முன்னால் வந்தாள். மேலங்கிப் பையில் எப்போதும் குறடு இருக்கும். "அழறதை அப்புறம் அழுடி. மேல போய், மாதா தலையில மகுடத்தை முடுக்கின திருகாணியைக் கழட்டினா மகுடம் கையோட வந்துடும்." துளைக்கு மேலே இருக்கும் கோபுர மாடிக்குப் போகும் மரப்படி அக்கரைப் பக்கம். வாதுமைக்கொட்டை காயவைக்க அக்கரைக்காரர்களே வைத்த படி.

கஸ்தோன் அண்ணன் உறுமினார்: "அக்கரைக்காரி கை மாதா மகுடத்துல படறதா?"

"படவேணாம்ப்பா. நீயே தாங்கிக்கிட்டு நில்லு. நான் போய்ச் சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

அவள் திரும்பி நடந்தாள். அண்ணன் தோளில் சப்பரம் அழுந்தியது. தாடி வழியாக வியர்வை சொட்டியது. கடைசியில் குரல் வந்தது, கன்றுக்குட்டிக் குரல்: "அக்கா... கழட்டிடுங்கக்கா."

அக்கா! இக்கரை வாயிலிருந்து அக்கரைக்கு வந்த முதல் "அக்கா"!

கல் விழக் கட்டிய துளையிலிருந்து ஒரு கை இறங்கியது, என் அன்பர்களே! காய்ச்சிய மணல் கொட்டக் கட்டிய துளையிலிருந்து ஒரு பெண்ணின் கை இறங்கியது! திருகாணியைத் திருகியது, மகுடத்தைச் சாய்த்து மெல்ல மேலே வாங்கிக்கொண்டது. சப்பரம் தாழ்ந்தது. சிரித்த வாயெல்லாம் செபம் சொல்ல, வெறும் தலையோடு மாதா அந்த வாசலைக் கடந்தாள்! கஸ்தோன் அண்ணன் வாழ்நாளில் முதன்முறையாக அக்கரை மண்ணில் கால் வைத்தார். அவருக்கு முதல் கோப்பை ஊற்றியது யார்? ஒதில் அக்காதான்!

மகுடத்தை வெட்டிக் குட்டையாக்கலாமா என்று இந்த வருடம் சபையில் கேட்டார்கள். வேண்டாம் என்று முதலில் எழுந்து சொன்னவர் கஸ்தோன் அண்ணன். இன்று காலை சப்பரம் தானாகவே துளைக்குக் கீழே நின்றது. அக்கரைக் கை மகுடத்தை வாங்கியது, அக்கரை மண்ணில் திரும்பச் சூட்டியது. இனி இதுதான் நம் வழக்கம்!

எதிரியைக் குனியவைக்கக் கட்டிய வாசல் இது. அங்கே விண்ணுக்கும் மண்ணுக்கும் அரசி மகுடத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கடந்து போனாள். அவளே கழற்றினாள் என்றால், நம் தலையில் இருப்பதெல்லாம் எம்மாத்திரம்? கழற்றுவோம்! கடப்போம்!

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் என் நன்றி. வாத்து அடி பிடித்திருந்தால் பழி என்மேல். மாதா எல்லோரையும் காக்கட்டும், இரண்டு கரையிலும். வணக்கம்!